நீர்நாய்க் கதையில் இல்லாத பக்கம்

மார்ச் 17, 2019

அன்புள்ள டானெட்டுக்கு,

ஓப்பலை வளர்க்கிற வெர்னா எழுதுகிறேன். வழக்கமாக ஏப்ரலில்தான் உங்களுக்கு ஒரு கடிதமும் ஒரு போட்டோவும் வரும். இது மார்ச். கையெழுத்தும் வேறு. பார்த்ததும் பயந்திருப்பீர்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை வந்த ஐந்து கடிதங்களையும் எழுதியவர் என் வீட்டுக்காரர் டெல்பர்ட். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன், அவர் எழுதுவார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. எனக்குப் பேச வரும், எழுத வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்பர்ட் பிப்ரவரி நாலாம் தேதி இறந்துவிட்டார். குவாரியில் லாரியில் சரளை ஏற்றும்போது ஸ்டியரிங்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். ஐம்பத்து நாலு வயது. ஹாரன் நிற்காமல் அடித்ததாம். பின்னால் நின்ற டிரைவர்கள், இவனுக்கு என்ன அவசரம் என்று திட்டினார்களாம். அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

துக்கத்துக்கு ஊரே வந்தது. கோழியும் நூடுல்ஸும் மக்ரோனியுமாக மேசை நிறைந்தது. இங்கே வழக்கப்படி பாத்திரத்துக்கு அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். ஓப்பல் ஸ்டூல்மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, யார் வீட்டுக்கு எது என்று அடுக்கி வைத்தாள். ஏழு வயது. அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. "எவ்வளவு நல்ல பொண்ணு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். மக்கு நான்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வருகிறேன், நாயைக் காணோம். வாஃபிள் என்று பெயர், ஓப்பல் வைத்த பெயர். அவள் போகிற இடமெல்லாம் அது போகும். கழுத்துப் பட்டையும் இல்லை, சோற்றுக் கிண்ணமும் இல்லை.

"வாஃபிள் எங்கேடி?"

"பஸ் ஓட்டுற மிஸ் கிளெண்டாகிட்ட கொடுத்துட்டேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல. எனக்கு வாஃபிள ரொம்ப ரொம்பப் பிடிக்கும். அதான்."

"பிடிச்சதைப் போய் யாராவது கொடுப்பாங்களா?"

"என்னைக் கொடுத்தாங்களே."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பாவையும் ரொம்பப் பிடிச்சதாலதானே சர்ச்சுல வச்சுக் கொடுத்துட்டே?" பிறகு, "என்னை எப்பம்மா கொடுப்பே? ஸ்கூல் லீவு விட்டப்புறமா? முன்னாடியே சொல்லிடு. என் கலர் பென்சிலெல்லாம் எடுத்து வைக்கணும்."

இது எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தத்து முடிந்த அன்று, தத்து விஷயம் பார்க்கிற கவுண்டி அலுவலகத்தில் ஒரு படக்கதை கொடுத்தார்கள். ஒரு நீர்நாய் அம்மா தன் குட்டியை ஆற்றுக்கு அக்கரையில் மரம் கடித்து அணை கட்டுகிற பீவர் வீட்டில் கொண்டுபோய் விடும். "உன்மேல் கொள்ளை அன்பு, அதனால்தான் உன்னைக் கொடுக்கிறேன்" என்று சொல்லும். பீவரம்மா வாங்கிக்கொள்வாள். படமெல்லாம் அழகாக இருக்கும். டெல்பர்ட் அதை எத்தனை தடவை படித்துக் காட்டினாரோ, ஓப்பலுக்கு மனப்பாடம். எங்களுக்கு அந்தக் கதை நல்லதாகத்தான் பட்டது. அன்பு, கொடுப்பது, இரண்டும் நல்ல வார்த்தைகள்தானே என்று இருந்துவிட்டோம்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். தத்துப் பிள்ளைகளைப் பற்றி நாலு புத்தகம் எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்றில் பிள்ளை நட்சத்திரத்திலிருந்து வருகிறது. ஒன்றில் விமானத்தில் போய்க் கூட்டிவருகிறார்கள். மற்ற இரண்டும் விலங்குகள்.

"கோர்ட்டு வர்ற புத்தகம் இருக்கா?" என்றேன்.

"குழந்தைங்க புத்தகத்துலயா?" என்றார் நூலகத்து அம்மாள்.

"குழந்தையைத்தானே கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க?"

அவர் நாலிலும் தேதி முத்திரை குத்தி நீட்டினார். நாலையும் வாங்கிவந்தேன். ஓப்பல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒழுங்காக அடுக்கி என்னிடமே கொடுத்துவிட்டாள்.

டானெட், என்ன நடந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏன் கொடுத்தீர்கள்? ஏழு வயதுப் பிள்ளை தாங்குகிற அளவுக்கு எழுதினால் போதும். நான் அவளிடம் அதைச் சொல்லிக்கொள்கிறேன். அவள் இன்னும் என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். கொடுக்க மாட்டேன் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். நம்பவில்லை.

ஊர்ப் பெயர் எழுதக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தபால் பெட்டிக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெர்னா

•

ஏப்ரல் 2, 2019

வெர்னா அவர்களுக்கு,

உங்கள் கணவர் இறந்ததற்கு வருந்துகிறேன். அவர் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். வருஷத்தில் ஒரு நாள் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நான் கொடுக்கவில்லை.

ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு மேலே என்னால் படிக்க முடியவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மோட்டலில் அறைகள் சுத்தம் செய்கிறேன். அன்றைக்குப் பதினாலு அறை. எந்த அறையில் என்ன செய்தேன் என்று நினைவில்லை.

கோர்ட்டுக்கு முன்னால் எனக்கு வைத்த வக்கீல் ஒரு காகிதம் நீட்டினார். "நீயா விட்டுக்கொடுக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுடு. வருஷத்துக்கு ரெண்டு தடவை பிள்ளையைப் பார்க்கலாம்னு எழுதி வாங்கித் தர்றேன். போடலைன்னா ஜட்ஜ் எடுத்துடுவாரு, அப்புறம் போட்டோகூட உனக்குக் கிடையாது" என்றார். நான் போடவில்லை. ஜட்ஜ் எடுத்துவிட்டார். நீங்கள் அனுப்புகிற போட்டோ, உங்களுக்குக் கடமை இல்லாமல் அனுப்புகிறது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் பிள்ளைக்கு இத்தனை வருஷமாக, நான் அவளைக் கொண்டுபோய் யார் வீட்டிலோ விட்டேன் என்று படித்துக் காட்டியிருக்கிறீர்கள். அன்பாம். அந்த நீர்நாயை ஆற்றிலேயே முக்குங்கள்.

மூன்று பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன். வந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வேண்டாம் என்று இருந்தால் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம்.

நான் போதை மாத்திரையை விட்டு இரண்டு வருஷம் பதினொரு மாதம் ஆகிறது. கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன்.

டானெட்

•

ஏப்ரல் 14, 2019

அன்புள்ள டானெட்டுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு ஒரு தடவையில் ஏறாது, அதனால் மட்டும் அல்ல.

நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது, பேசியவர் டெல்பர்ட். வைத்துவிட்டு என்னிடம், "முடிஞ்சுது வெர்னா. அவ விட்டுட்டா" என்றார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அட்டைகளை நான் கண்ணால் பார்த்ததில்லை. தபால் எடுப்பதும் பிரிப்பதும் அவர் வேலை. வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் கொட்டகையில் அவருடைய தூண்டில் பெட்டிக்குள் இருந்தது. மூன்றும். பிரிக்கவே இல்லை. பிரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை, புழு டப்பாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறையில் ஈரம் படாமல் வைத்திருந்தார்.

முப்பது வருஷம் கூட வாழ்ந்த ஆள். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் அவருக்கு. இவ்வளவு பெரிய பொய்யை எங்கே வைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனார்? கொட்டகையில் நின்று அவரைக் கத்தித் தீர்த்தேன். பதில் சொல்லாத ஆளோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? பயந்திருப்பார். பிள்ளை உங்கள் பக்கம் திரும்பிவிடுவாள் என்று. எனக்கும் அந்தப் பயம் உண்டு, இப்போதும் உண்டு. ஆனாலும் அது சரியில்லை. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏப்ரல் பதினொன்று தத்து நாள். வருஷாவருஷம் பேன்கேக் சாப்பிடப் போவோம். ஜட்ஜ் அன்றைக்குக் கொடுத்த கரடி பொம்மையும் கூட வரும். இந்த வருஷம் போகவில்லை. வீட்டிலேயே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"அந்த நீர்நாய்க் கதை நம்ம கதை இல்லடி. டானெட் உன்னைக் கொடுக்கல. கொடுக்க மாட்டேன்னுதான் சொன்னாங்க."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நீ திருடிட்டியா?"

"இல்லடி! ஜட்ஜ் எடுத்தாரு."

"கரடி கொடுத்தாரே, அவரா?"

"அவர்தான்."

"பிள்ளையை எடுத்துக்கிட்டுக் கரடி கொடுப்பாரா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஏன் எடுத்தாரு?" என்றாள். அங்கேதான் நிற்கிறேன் டானெட். மாத்திரை என்று தெரியும். அதற்குமேல் எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

நாயைக் கிளெண்டா திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். "ஏம்மா, இது என் சோபாவில பாதியைத் தின்னுடுச்சு. மீதியாவது எனக்கு இருக்கட்டும்" என்றாள். ஓப்பல் அதைத் தொடவில்லை. அது வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனது, இவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு யோசனை. கடையில் இல்லாத புத்தகத்தை நாமே பண்ணினால் என்ன? நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன், அவள் படம் போடட்டும். அவளுடைய கதை, விலங்கு இல்லாமல். நீங்கள் சொல்லாமல் நான் ஒரு வரி எழுத மாட்டேன்.

அட்டைகளை அவளிடம் கொடுக்கலாமா?

வெர்னா

•

மே 6, 2019

வெர்னாவுக்கு,

அட்டைகளைக் கொடுங்கள்.

மூன்று வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

ஓப்பல் பிறந்த அன்று பனி பெய்தது. நவம்பரிலேயே. ஆஸ்பத்திரி ஜன்னல் முழுக்க வெள்ளை. தலை நிறையக் கறுப்பு முடி, நர்ஸ் சீவிவிட்டாள். வாழைப்பழம் மசித்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். என் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இதையெல்லாம் முதலில் எழுதுங்கள். இதுவும் நடந்ததுதான்.

பிள்ளை பிறந்தபின் முதுகு வலி. டாக்டர் மாத்திரை கொடுத்தார். முதலில் வலிக்குப் போட்டேன். பிறகு மாத்திரைக்காக மாத்திரை.

ஆகஸ்ட் மாதம், பகல் ஒரு மணி. கடைக்கு முன்னால் காரை நிறுத்தினேன், பிள்ளை பின்சீட்டில். இறங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. பக்கத்தில் லாரியில் வைத்துச் சோளக்கதிர் விற்கிற ஒரு ஆள் கண்ணாடியை உடைத்து அவளை எடுத்திருக்கிறார். அவள் அழுதது சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. ஒரு கை தூரத்தில் இருந்தேன் வெர்னா. எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப்பின் பதினைந்து மாதம் கொடுத்தார்கள். வகுப்புக்குப் போக வேண்டும், சிறுநீர் சோதனை, வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம். பஸ் இல்லை, வண்டி இல்லை என்று மற்றவர்களிடம் சொல்வேன். பாதி நாள் உண்மை. மீதி நாள் நான் போகிற நிலையில் இல்லை. கடைசியாகப் போனபோது அவள் என்னைப் பார்த்துவிட்டு, கூட்டிவந்த அலுவலகப் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டாள்.

கோர்ட்டு அன்றைக்கும் நான் சுத்தமாக இல்லை. ஜட்ஜ் செய்தது தப்பு என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடாதது அன்பா வீம்பா என்றும் எனக்குத் தெரியாது. போட்டிருந்தால் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்திருப்பேன். போடவில்லை. அவளை விட்டேன் என்று என் கையால் எழுத வரவில்லை.

இதை எப்படி ஒரு பிள்ளைக்குப் படம் போட்டுக் காட்டுவீர்கள்? உங்களால் முடிந்தால் காட்டுங்கள்.

டானெட்

•

ஜூன் 23, 2019

அன்புள்ள டானெட்டுக்கு,

புத்தகம் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பாக்கி.

முதலில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கார் விஷயத்தை விட்டுவிட்டேன். மனசு வரவில்லை. "டானெட்டுக்கு உடம்பு சரியில்லை, அதனால் ஜட்ஜ் எடுத்துக்கொண்டார்" என்று எழுதி ஓப்பலுக்குப் படித்துக் காட்டினேன். நல்லபடியாகத்தான் இருந்தது. மறுநாள் சளி பிடித்து இருமினேன். இருமல் சத்தம் கேட்டு ஓப்பல் என் வாயைப் பொத்தினாள். "மெதுவா இருமு. ஜட்ஜுக்குக் கேட்டுடும்." அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். நல்லபடியாக எழுதுவதால் வருகிற கேட்டை நாங்கள் ஏற்கெனவே அனுபவித்தாயிற்று.

இப்போது இப்படி இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

"ஓப்பல் பிறந்த அன்று பனி பெய்தது. டானெட் அவளைப் பெற்றாள். வாழைப்பழம் மசித்துக் கொடுத்தாள். ஓப்பல் டானெட்டின் செயினைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

டானெட்டுக்கு மாத்திரை நோய் வந்தது. அது இருமல் மாதிரி இல்லை. மாத்திரை வேண்டும் வேண்டும் என்று மட்டுமே நினைக்க வைக்கிற நோய். அது பெரியவர்களுக்கு வந்தது. குழந்தையால் வரவில்லை.

ஒரு நாள் வெயிலில் காருக்குள் ஓப்பல் அழுதாள். டானெட்டுக்குக் கேட்கவில்லை. சோளம் விற்கிறவருக்குக் கேட்டது. அவர் கண்ணாடியை உடைத்து ஓப்பலை எடுத்தார்.

குழந்தைகளுக்கு ஆபத்து வராமல் பார்ப்பது ஜட்ஜின் வேலை. டானெட்டுக்கு நோய் சரியாகட்டும் என்று அவர் காத்திருந்தார். சரியாகவில்லை. கொடுத்துவிடு என்று கேட்டார்கள். டானெட் மாட்டேன் என்றாள். ஜட்ஜ், ஓப்பல் வெர்னா வீட்டில் இருக்கட்டும் என்றார். டானெட் அழுதாள். வெர்னாவும் டெல்பர்ட்டும் சந்தோஷப்பட்டார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

டெல்பர்ட் செத்துப்போனார். அவரை யாரும் கொடுக்கவில்லை. அவருடைய இதயம் நின்றுவிட்டது.

வெர்னா ஓப்பலைக் கொடுக்க மாட்டாள். ஓப்பல் நல்ல பெண்ணாக இல்லாவிட்டாலும் கொடுக்க மாட்டாள்."

அவ்வளவுதான். நூலகத்து அம்மாள் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை வாங்குறதுக்கு ஆள் இருக்காது வெர்னா. ஆனா இது தேவைப்படுற பிள்ளைங்க நம்ம ஊர்லயே முப்பது இருக்கும்" என்றார்.

கார் பக்கத்தைப் படித்தபோது ஓப்பல் என் மடியிலிருந்து இறங்கிவிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நான் சத்தமா அழலையா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குற மாதிரி அழுதே."

"இன்னும் சத்தமா அழுதிருக்கணும்."

"இல்லடி தங்கம். அதைக் கேக்குறது பெரியவங்க வேலை. அழறதுதான் உன் வேலை. நீ உன் வேலையை ஒழுங்காப் பார்த்தே."

இதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு சோளக்காரர் படம் போட்டாள். அவருக்குக் காது மட்டும் லாரி அளவுக்கு இருக்கிறது. "அப்பத்தானே கேட்கும்?" என்கிறாள். ஜட்ஜுக்குக் காலில் இரண்டு நிறச் செருப்பு. ஏன் என்று கேட்டால், "குழப்பத்துல வந்திருப்பாரு" என்கிறாள்.

அட்டைகளைப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் கீழே உங்கள் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். "மூணு வருஷமா எனக்கு லெட்டர் வந்திருக்கு!" என்று கிளெண்டாவிடம் பஸ்ஸில் சொன்னாளாம். வாஃபிளும் இப்போது அவள் கட்டிலுக்கு ஏறிவிட்டது. யார் முதலில் இறங்கி வந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

பாக்கி உள்ள பக்கம் உங்களுடையது. உங்களை எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அவங்க மூக்கு எப்படி? முடி என்ன கலர்?" என்று கேட்டால் நான் முழிக்கிறேன். நானும் உங்களைப் பார்த்ததில்லை. ஒரு போட்டோ அனுப்புவீர்களா? வருஷாவருஷம் நாங்கள் உங்களுக்கு அனுப்பினோம். எங்களுக்கு ஒன்று வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

வெர்னா

•

ஜூலை 9, 2019

மிஸ் வெர்னாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உங்களை இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

போட்டோ உள்ளே இருக்கிறது. மோட்டலுக்குப் பின்னால் என்னோடு வேலை செய்கிறவள் எடுத்தது. சிரிக்கச் சொன்னாள், இவ்வளவுதான் வந்தது. மூக்கு அவளுக்கும் இதே மூக்குத்தான். பாவம்.

புத்தகத்தில் மாற்ற ஒன்றுமில்லை. "டானெட்டுக்குக் கேட்கவில்லை" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதை எடுத்தால் மற்றதையும் அவள் நம்ப மாட்டாள்.

"இரண்டும் ஒரே நாளில் நடந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒன்று நான் கெட்டவள் என்பார்கள், இல்லை நான் தியாகி என்பார்கள்.

என்றாவது நேரில் வரச் சொல்லிக் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. கேட்காதீர்கள். புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வோம். அதில் நான் பரவாயில்லாமல் இருக்கிறேன். நேரில் அவ்வளவு நன்றாக இருக்க மாட்டேன். அவள் மறுபடியும் வேறு யார் காலையாவது கட்டிக்கொண்டால் எனக்குத் தாங்காது. தாங்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

டானெட்

•

மில்ஃபோர்க், ஒஹாயோ
ஆகஸ்ட் 25, 2019

அன்புள்ள டானெட்,

கேட்காதே என்று எழுதியிருந்தாய். ஆறு வாரம் கேட்காமல்தான் இருந்தேன். இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். இவ்வளவும் பேசியபிறகு மரியாதை வைத்து எழுதினால் எனக்கே அந்நியமாக இருக்கிறது. உனக்கு இருபத்தொன்பது, எனக்கு ஐம்பத்தொன்று, தப்பில்லை.

போன வாரம் பள்ளி திறந்தது. ஓப்பல் இரண்டாம் வகுப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்பகெட்டி வைத்திருந்தேன். ஷூவைக் கதவோரம் எடுத்து வை என்றேன். தினமும் நான் சொல்லாமலே வைக்கிறவள். அன்றைக்கு வைக்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன்.

"வைக்க மாட்டேன்."

"என்னடி சொன்னே?"

"வைக்க மாட்டேன்! நீ ஒண்ணும் என் அம்மா இல்ல! எனக்கு டானெட்தான் வேணும்! உன் ஸ்பகெட்டி நாத்தம்!"

தட்டைத் தூக்கி அடித்தாள். சுவரில் பட்டுச் சாஸ் எல்லாம் என் பிரிட்ஜ் மேலே, காலண்டர் மேலே. தட்டு இரண்டாக உடைந்தது. எனக்கும் வந்ததே கோபம்.

"இந்தச் சுவத்தை யாருடி துடைப்பா, உன் ஜட்ஜா?"

"நீதான் துடை!"

"அப்ப பட்டினி கிட!"

"கிடப்பேன்!"

கதவை அறைந்து சாத்தினாள். வீடே ஆடியது. எங்கள் தெருவில் ரெண்டு வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்திருப்பார்கள். நான் சமையலறைத் தரையில் சாஸுக்கு நடுவே உட்கார்ந்தேன். வாஃபிள் வந்து சுவரை நக்க ஆரம்பித்தது.

நீதான் வேண்டும் என்று அவள் சொன்னது வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கே வலிக்கும் என்று டெல்பர்ட் பயந்தாரோ அங்கேயே வலித்தது. ஆனால் அங்கே உட்கார்ந்து இன்னொன்றையும் நினைத்தேன். என் வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் இவள் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. ஊரார் பெற்ற பிள்ளைகள் எல்லாம் கடையில் விழுந்து புரளும்போது இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நிற்பாள். நல்ல வளர்ப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். அது வளர்ப்பு இல்லை டானெட். பயம். இரண்டு வயதிலிருந்து அவள் எங்கள் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்திருக்கிறாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மன்னிப்பா கேட்டாள்? "பசிக்குது" என்றாள், அதுவும் முறைத்துக்கொண்டு. வேறு தட்டில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஷூ இன்னும் அதே இடத்தில்தான் கிடந்தது. நான் தொடவில்லை.

சாப்பிட்டு முடித்துவிட்டு, "அவங்க வரவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவங்களுக்குப் பயம் என்றேன். "எதுக்கு? நான் என்ன கடிச்சா வைக்கப்போறேன்?" என்றாள்.

கவுண்டி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "தத்து முடிஞ்சிடுச்சு, நீங்கதான் அம்மா, உங்க இஷ்டம்" என்றார்கள். என் இஷ்டம் இதுதான். செப்டம்பர் பதினான்கு, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகள் பகுதி. நீ இருக்கிற பக்கமிருந்து காலையில் ஒரு பஸ் வருகிறது, உன் அட்டை உறையில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்து விசாரித்துவிட்டேன். வர வழியில்லை என்றால் கிளெண்டா கார் எடுத்துக்கொண்டு வருவாள், அவளே சொன்னாள். உன்னைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றால் யாரையாவது கூட்டிக்கொண்டு வா. நான் டெல்பர்ட் இல்லாமல் முதல் தடவையாக ஒரு பெரிய காரியத்துக்குத் தனியாக வருகிறேன். எனக்கும் பயம்தான்.

நேரில் நன்றாக இருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். நன்றாக இருக்க வேண்டும் என்று உன்னை யார் கேட்டது? நானும் நன்றாக இல்லை. அவளும் இல்லை. அவள் உன்னிடம் பேசாமல் அலமாரிக்குப் பின்னால் போய் நிற்கலாம். என் காலைக் கட்டிக்கொள்ளலாம். நூலகம் என்றும் பார்க்காமல் கத்தினாலும் கத்துவாள். இப்போது அவளுக்குக் கத்த வருகிறது.

வா.

வெர்னா